மூன்று நாள் நீலம்

பதினெட்டாவது எண்ணையும் நெய்னா முகம்மது போட்டுப் பார்த்துவிட்டார். எடுத்தவர் யாரோ லாரி டிரைவர் போல, பின்னால் ஹாரன் சத்தம் காதைத் துளைத்தது, "பேச்சியம்மாளா, அப்படி இங்க யாரும் இல்லங்க" என்று பாதியிலேயே வைத்துவிட்டார். அதற்கு முந்தினவர் தேனியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். தப்பான நம்பர் என்று தெரிந்த பிறகும் நிதானமாக நீங்கள் யார், எந்த ஊர் என்றெல்லாம் விசாரித்தார், அவரிடம் முழுக்கதையையும் சொல்லி அழுதுவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. சீட்டில் இருப்பது ஒன்பது எண். பத்து இருக்க வேண்டும். விட்டுப்போனது முதலிலா, நடுவிலா, கடைசியிலா, தெரியவில்லை. நுழைக்கக்கூடிய இடங்கள் பத்து, ஒவ்வொன்றிலும் சைபர் முதல் ஒன்பது வரை போட்டுப் பார்க்கலாம், ஆக நூறுக்குக் கொஞ்சம் குறைய ஆட்கள், அவர்களில் ஒருத்தி பேச்சியம்மாள். கல்லின் எடையைக் காரட்டில் இரண்டு புள்ளி தள்ளியும் பிசகாமல் சொல்லுகிற மனிதர், ஒரு பொம்பளை சொன்ன பத்து எண்ணை ஒழுங்காக எழுதவில்லை. சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு எழுதியது. இன்றைக்குச் செவ்வாய், மணி இரண்டரை. அவள் திரும்பி வரவேண்டிய நாள் இதுதான். வந்தால் தெரிந்துவிடும். வராவிட்டாலும் தெரிந்துவிடும், அந்த இரண்டாவதன் கிட்டேதான் மனசு போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. சரி, கடைசியில் ஒரு ஏழு போட்டுப் பார்ப்போம் என்று கண்ணாடியை மூக்கில் ஏற்றினார், பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

தெற்காவணி மூல வீதியில் ஒரு செங்குத்தான மாடிப்படி, அதன் உச்சியில் எட்டுக்குப் பத்தில் அவருடைய ராசிக்கல் கடை. அந்தப் படியில் பாதி இறங்கி நின்றுகொண்டுதான் அவள் கேட்டாள். அதற்கு முன்னால் கால் மணி நேரம் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எல்லாம் சொல்லியிருந்தாள். வீட்டுக்காரர் சடையாண்டி, செக்கானூரணியில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர், நெஞ்சில் மூன்று அடைப்பு, டாக்டர் ஆபரேஷனுக்கு உடனே வந்து படுக்கச் சொல்லிவிட்டார், இந்த மனுசன் பயந்துகொண்டு வரமாட்டேன் என்கிறார், ராத்திரியெல்லாம் படுக்காமல் உட்கார்ந்தே இருக்கிறார், ஏழரைச் சனி நடக்கிறதாம், நீலம் கட்டினால் மனசு ஒரு நிலைக்கு வரும் என்று ஜோசியர் சொன்னார். அவரும் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டார் என்ன, காதில் விழுந்தது, அவ்வளவுதான். வெளிர்நீலக் கல் ஒன்றை எடுத்து நீலத்துணியில் முடிந்து, வலது புஜத்தில் கட்டுங்கள், மூன்று நாள் பாருங்கள், ஒத்துக்கொண்டால் மோதிரம் அடித்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கல்லைத் திருப்பித் தந்துவிடலாம் என்றார். அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள். அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய மூலைக்குழாயடியில் காலை நீட்டிவிட்டார். படியிலிருந்து குரல் வந்தது. "பாய், இந்த மூணு நாளைக்குள்ள அதச் செய்யலாமா?" தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார், "புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்கம்மா." வீடு கட்ட வானம் தோண்டலாமா, கடை திறக்கலாமா, பெண் பார்க்கப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் முப்பத்தைந்து வருசமாகச் சொல்லிவருகிற பதில்தான், வாய் தானாகச் சொல்லிவிட்டது. நெற்றி பாயில் பட்டபோதுதான், 'அதை' என்றாளே, எதை, ஆபரேஷனையா என்று உறைத்தது. தொழுகையை முடித்து, தொப்பியோடு படியிறங்கி ஓடினார். வீதி முழுக்கச் சேலைகள், எல்லாம் பச்சையாகவும் மஞ்சளாகவும் போய்க்கொண்டிருந்தன, அவள் என்ன நிறம் உடுத்தியிருந்தாள் என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

சொல்வாங்க. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டார். மூன்று நாளாக இந்த இடத்தில்தான் நினைப்பு வந்து மாட்டிக்கொள்கிறது. நீலம் சனிக்கு உகந்ததுன்னு சொல்வாங்க. மனசை அடக்கி நிதானம் கொடுக்கும்னு சொல்வாங்க. ஒத்துக்கலேன்னா மூணு நாள்லயே காட்டிக் கொடுத்துடும்னு சொல்வாங்க. யார் சொல்வார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் அவரிடம் பதில் இருந்திருக்காது. கீழக்கரைக்காரர், ஐந்து வேளை தொழுகிறவர், கல்லுக்குச் சக்தி உண்டு என்று வாயால் சொன்னால் அது இறைவனுக்கு இணைவைப்பு, அதைவிடப் பெரிய பாவம் அவர் மார்க்கத்தில் இல்லை. கல்லை விற்பது வியாபாரம், அதில் பாவமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சொல் அகலத்துக்குத்தான் இடம், அந்த இடத்தில் பாய் விரித்து முப்பத்தைந்து வருசம் சௌகரியமாகக் குடியிருந்துவிட்டார். வீதியில் கேலிகூடச் செய்வார்கள், சொல்வாங்க பாய் என்றே ஒரு பட்டப்பெயர். மறுமையில் கேள்வி வரும்போது, ரப்பே நான் எதையும் சொல்லவில்லை, சொல்வார்கள் என்றுதான் சொன்னேன் என்று மெதுவாக நழுவிவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. அப்படிப்பட்ட மனிதர், அதுவும் தொழுகைக்குப் போகிற அவசரத்தில், அந்தச் சொல்லை விட்டார். ஆரம்பிக்காதீங்க. யாரோ சொன்னதில்லை, அவரே சொன்னது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே கெட்டது நுணல் இல்லை, செக்கானூரணிப் பக்கத்து வெல்டர் ஒருத்தர். சொல்வாங்க என்று சேர்த்திருந்தால் மட்டும் அவள் கேட்காமல் இருந்திருப்பாளா என்று இப்போது இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. இருந்திருக்க மாட்டாள். கேட்கிறவர்கள் காதில் அந்தச் சொல் ஒருநாளும் விழுந்ததில்லை, அது அவருக்காக அவரே சொல்லிக்கொண்டது என்பது அப்போதுதான் தெரிந்தது. சோற்றுப் பாத்திரத்தை அன்றைக்குத் திறக்கவே இல்லை.

அந்தக் கல் ஒன்றும் பொல்லாத கல் இல்லை. நிறம் ஏற்றுவதற்காகச் சூடு காட்டாத சிலோன் கல், நாலு காரட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஓரத்தில் லேசாகப் பட்டு ஓடியிருக்கும். கல்லுக்குள் நூல் நூலாகத் தெரிவதைப் பட்டு என்பார்கள். பார்க்கப் பார்க்கக் கண் குளிரும், இருட்டிக்கொண்டு வராத நீலம், மார்கழியில் காலை ஏழு மணி வானம். ஆனாலும் ஏழு வீட்டுக்குப் போய் ஏழு தடவையும் திரும்பி வந்துவிட்டது. திருமங்கலத்து மளிகைக்காரர் வீட்டில் மூன்றாம் நாள் மோட்டார் புகைந்தது, கல்லால்தான். சிம்மக்கல்லில் ஒரு வக்கீலுக்குப் பல் வலி, கல்லால்தான். இன்னொருத்தருக்கு ராமநாதபுரத்துக்கு மாற்றல் ஆர்டர் வந்தது, அது எழுதி ஒரு மாதம் ஆகியிருந்தது, இருந்தாலும் கல்லால்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை, அதிலும் அந்தக் காக்கை சனிபகவானுடைய வாகனமாகவே போய்விட்டது, கேட்க வேண்டுமா. ஒரு பாங்க் மேனேஜர் மனைவி கொண்டுவந்து வைத்த காரணம்தான் எல்லாவற்றையும் தூக்கியடித்தது. "கட்டுனதுலருந்து அவரு கோவமே பட மாட்டேங்குறாரு பாய், சாம்பாருல உப்பு இல்லேன்னாக்கூட சும்மா சாப்ட்டுட்டுப் போறாரு, எனக்கு பயமா இருக்கு." அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு. இப்போது அதே கல்லை நினைத்தால், ஏழு வீட்டுக்காரர்களும் தங்கள் தங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த பயத்தைத்தான் அதன் தலையில் ஏற்றி அனுப்பினார்கள் என்று தோன்றியது. அது பாவம், பேசாது. எட்டாவது வீட்டுக்குப் போனபோது அவர் வாயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் செக்கானூரணி போனார். பாடி கட்டுகிற பட்டறைகள் மூன்று, மூன்றும் பூட்டு. திங்கட்கிழமை மறுபடி போனார். ஒரு பட்டறையில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது, அந்த நீல வெளிச்சத்தை நேரே பார்த்துவிட்டதில் கொஞ்ச நேரம் கண்ணில் கறுப்புப் பொட்டுகள் மிதந்தன. இதுவும் நீலம்தான். சடையாண்டி முப்பது வருசம் இந்த நீலத்தைப் பார்த்துக் கண்ணைச் சுட்டுக்கொண்டவர், கடைசியில் குளிர்ச்சியான நீலம் ஒன்றைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார், அதிலும் மண் விழுந்தது. அவர் ஒரு மாதமாக வேலைக்கு வரவில்லை, நாகமலைப் பக்கம் எங்கோ வாடகைக்கு இருப்பதாக ஞாபகம் என்று முகமூடியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் சொன்னார். நாகமலைப் பக்கம் என்றால் எந்தத் தெரு, எத்தனை தெரு. ஜோசியர் பேரை அவள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மூன்று அடைப்பு. ஒரு அடைப்பு இருந்த தன் சின்ன மச்சான் சந்தோஷமாக டீ குடித்துக்கொண்டிருந்தபோது தம்ளரை மட்டும் கவனமாகக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தது கண்ணில் வந்தது, அதை உடனே தள்ளினார், தள்ளின இடத்திலேயே அது மறுபடி வந்து உட்கார்ந்தது. ஒருவேளை அவள் கேட்டிருக்க மாட்டாள். மகள், மருமகன் என்று யாராவது இருப்பார்கள், கல்காரன் பேச்சைக் கேட்டுக்கொண்டா இருப்பாய் என்று அதட்டி இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். போயிருக்கட்டும். போய், ஆபரேஷன் முடிந்து, கல்லும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவர்கள் அவரை மறந்தே போயிருக்கட்டும், கல் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை.

மணி மூன்றடித்தது. தெருவில் வெயில் எதிர்ச்சுவரில் பாதிக்கு ஏறியிருந்தது. சிலோனில், ரத்தினபுரியில் இந்நேரம் மழை பெய்துகொண்டிருக்கும். இருபத்துமூன்று வயதில் அங்கே போய் ஒன்றரை வருசம் கல் தோண்டுகிற குழிமேட்டில் உட்கார்ந்திருக்கிறார், கூடைகூடையாகச் சரளைக்கல்லை ஆற்றில் அலசுவார்கள், ஆயிரம் கல்லில் ஒன்று கொஞ்சம் நீலம் காட்டும். மேகம் விலகின காலைகளில் மலை தெரியும். சிங்களவருக்கு அது புத்தர் பாதம், தமிழருக்குச் சிவனொளிபாதம், முஸ்லிம்களுக்கு பாவா ஆதம் மலை. சொர்க்கத்திலிருந்து இறக்கி விடப்பட்ட ஆதம் நபி அந்த உச்சியில் நின்று வருசக்கணக்காக அழுதாராம், அந்தக் கண்ணீர்தான் அடிவாரத்து மண்ணில் இறங்கி நீலமும் சிவப்புமாகக் கிடக்கிறதாம். கீழக்கரைத் தோணிகளில் அந்தக் கண்ணீரை அள்ளிக்கொண்டு வந்துதான் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து பாண்டிநாட்டுக்கும் அரபுநாட்டுக்கும் விற்றார்கள். வாங்கினவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். இங்கே அதைப் பாலில் போட்டுப் பார்த்து, பால் நீலம் காட்டினால் இந்திரநீலம் என்றார்கள், சனியின் கல் என்றார்கள். ஒரு பாதிரியார் வந்தார், எங்கள் மேற்றிராணிமார், பிஷப்புகள்தான், அந்தக் காலத்தில் இதைத்தான் விரலில் போடுவார்கள், வானத்தை நினைத்துக்கொள்வதற்காக என்றார். பட்ட காயத்தின்மேல் வைத்தால் எரிச்சல் தணியும், விரோதி முன்னால் நாக்கு குழறாது, ஜெயில் கதவு திறக்கும். எத்தனை சொல்வாங்க. அழுதவர் மட்டும் ஒருத்தர். அதுவும் எதற்கு அழுதார், வேண்டாம் என்று சொன்னதைச் செய்ததற்கு. இங்கேயோ செய் என்று டாக்டர் சொன்னதை வேண்டாம் என்று சொன்னவன் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு அழுகை வரமாட்டேன் என்கிறது, போன் நம்பர்தான் வருகிறது என்று நெய்னா முகம்மது தன்னைத்தானே திட்டிக்கொண்டார். கடைசியில் ஏழு போட்டுப் பார்க்கவில்லையே என்று மறுபடி போனை எடுத்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நின்று நின்று ஏறுகிற சத்தம். முதலில் தலை தெரிந்தது, அவர் பார்த்தது நெற்றியை. குங்குமம் இருந்தது. கழுத்தைப் பார்த்தார், மஞ்சள் கயிறு இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பேச்சியம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்து நீலத்துணி முடிச்சை மேசைமேல் வைத்தாள்.

"ஒத்துக்கல பாய்."

"அவரு எங்கம்மா?"

"கீழ ஆட்டோவுல இருக்காரு. படியேற முடியாதுன்னுட்டாரு. காலைல குளிச்சுட்டு வரைல நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு, வேர்த்து ஊத்திருச்சு. பெறகு சரியாப் போச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போகலியா?"

"நீங்கதான மூணு நாளைக்கி எதையும் ஆரம்பிக்க வேணாம்னீங்க." குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியவள் அதைத் தெரிவிக்கிற குரல். "அவருக்கும் அது தோதாப் போச்சு. மொத நாளு பாலு திரிஞ்சு போச்சு பாய். மறுநாளு மக மொபெட்டுல இருந்து விழுந்துட்டா, முழங்கையில செராய்ப்பு. இன்னைக்கி இப்பிடி. ஆனா ஒண்ணு, மூணு ராத்திரியும் படுத்துத் தூங்குனாரு. ரெண்டு மாசமா அப்பிடித் தூங்கி நாம் பாக்கல. அதான் ஒண்ணும் விளங்கல. நீங்க வேற கல்லு குடுங்க, இதவிடக் கொஞ்சம் கருநீலமா. அதையும் மூணு நாளு கட்டிப் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிறோம்னு சொல்றாரு."

இன்னும் மூன்று நாள். "கல்லுல என்னம்மா இருக்கு" என்று நெய்னா முகம்மது ஆரம்பித்தார், முப்பத்தைந்து வருசத்தில் முதல் தடவையாக, "அது வெறும்" என்பதற்குள் அவள் கை முடிச்சின் பக்கம் போவதைப் பார்த்துவிட்டார். அவள் முகமும் இறுகிவிட்டது. கல் கொடுக்க மனசில்லாத கடைக்காரன் என்று அவள் நினைப்பது நெற்றியிலேயே எழுதியிருந்தது. இந்த வீதியில் இன்னும் பதினோரு கடை இருக்கிறது, பதினோரு கடையிலும் நீலம் இருக்கிறது, மூன்று நாளும் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் இறங்கி எதிர்க்கடைக்குப் போவாள், அந்தப் படி இதைவிடச் செங்குத்து. உண்மை இப்போது யாருக்கு உபயோகம், எனக்கு, எனக்கு மட்டும், நான் சொல்லிவிட்டேன் என்று நாளைக்கு நிம்மதியாகத் தொழலாம், அதைக் கேட்டுவிட்டு அந்த மனுசன் இன்னொரு முடிச்சைக் கட்டிக்கொண்டு செத்துப்போவான். மறுபடியும் அதே சின்ன இடத்தில் பாய் விரிக்கப் பார்க்கிறேன். முடிச்சை அவிழ்த்தார். லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். கல் போனபடியே வந்திருந்தது, அதே பட்டு, அதே வானம், ஒன்றும் இல்லை. வேண்டியதைவிட அதிக நேரம் பார்த்தார், சொல்லப்போவதை யோசிக்க வேண்டியிருந்தது.

"ஒத்துக்கிச்சும்மா," என்றார் திரும்பி.

"பாலு திரிஞ்சுச்சே?"

"பால்ல கொஞ்சம் போச்சு, புள்ளைக்கு செராய்ப்போட கொஞ்சம் போச்சு. அவருக்கு மொத்தமா வர இருந்ததக் கல்லு சில்லறையா மாத்தி வெளிய தள்ளிருச்சு. ஆளப் படுக்க வெச்சுத் தூங்க வெச்சது பாத்தீங்களா, அதான் அடையாளம். இனிமே தடையில்ல. இப்படியே நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"செவ்வாக்கிழமையாச்சே பாய். இப்ப ராகு காலம் வேற. நாலரை கழிச்சு, இல்ல நாளைக்கி விடிய..."

"நீலம் கையில இருக்கையில ராகு கிட்ட வராது."

"அப்படின்னு சொல்வாங்களா?"

"நான் சொல்றேன்."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். கல்லை மறுபடி துணியில் முடிந்துகொண்டு அவரும் கூடவே இறங்கினார். ஆட்டோவில் பெரிய ஆகிருதி, சாம்பல் பூத்த முகம், கண்ணைச் சுற்றிலும் பட்டறைக்காரர்களுக்கு இருக்கிற கறுப்பு. "நல்ல கல்லு பாய், தூங்க வெச்சிருச்சு," என்றார் சடையாண்டி, சிரிக்கப் பார்த்து. நெய்னா முகம்மது குனிந்து அவர் புஜத்தில் தானே முடிச்சைக் கட்டினார். தோல் ஜில்லென்று ஈரமாக இருந்தது. "அங்கன போயிக் கழட்டச் சொன்னா என்னா பண்றது?" என்று கேட்டபோது அந்தப் பெரிய கண்ணில் சின்னப்பிள்ளைப் பயம் தெரிந்தது. "கழட்டிக் குடுத்துருங்க தம்பி. அது வேலைய முடிச்சிருச்சு, இனிமே டாக்டர் வேலை." பேச்சியம்மாளிடம் கேட்டு டிரைவரிடம் ஆஸ்பத்திரி பேரை இரண்டு தடவை சொன்னார், எந்த வாசல் என்றும் சொன்னார். வண்டி கூட்டத்தில் நுழைந்து, ஒரு மாட்டுக்கு ஒதுங்கி, திரும்பிப் போனது.

படியேறி வந்தபோது பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. குழாயடியில் கையைக் கழுவினார், வாயைக் கொப்பளித்தார், மூன்று தடவை போதும், ஐந்தாறு தடவை கொப்பளித்தார். ஒத்துக்கொண்டது ஒன்று, ராகு வராது இரண்டு, வேலையை முடித்துவிட்டது மூன்று. ஒன்றிலும் சொல்வாங்க கிடையாது. இத்தனை வருசம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கால் மணி நேரத்தில் கொட்டிக் கவிழ்த்தாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும். மன்னிப்புக் கேட்பதென்றால் செய்ததற்கு வருந்த வேண்டும், வருந்துவதென்றால் அதைச் செய்யாமல் இருந்திருக்கலாமே என்று மனசார நினைக்க வேண்டும். பாயில் நின்று நினைத்துப் பார்த்தார், வரவில்லை. இந்நேரம் வண்டி பெரியார் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியிருக்கும், சிக்னலில் நிற்காமல் இருக்க வேண்டும். நெற்றியைத் தரையில் வைத்தார். வழக்கமான வார்த்தைகள் எல்லாம் வந்து போயின, அவற்றுக்குப் பிறகும் தலையை எடுக்காமல், தமிழில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் கேட்டார். ரப்பே, நான் சொன்னதெல்லாம் பொய். அதை நீ நிசமாக்கிடு. அப்புறமா என்னைப் பிடிச்சுக்க.